பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பழமரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எந்தப் பக்கம் நடந்தாலும் ஏதாவது ஒரு மதில் மேல் மாங்கிளை எட்டிப் பார்க்கும். உள்ளே ஆள் இருக்காது. வைகாசியில் பழம் விழுந்து அழுகும் வாடை தெருவரைக்கும் வரும். நாங்கள் ஏழெட்டுப் பேர் சில வருஷமாக இந்த மரங்களில், உரியவர்களைக் கேட்டுக்கொண்டு, பறித்துப் பங்கு போட்டுக் கொடுத்து வருகிறோம். பார்க்கிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் அநேகமாக ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கீழே போட்டிருக்கிறேன்.

இவ்வளவு மரம் ஏன் ஆளில்லாம கிடக்கு?

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்போடு ஆரம்பித்து அடுத்த தெருவில் பின்வாசலோடு முடியும். பின்கட்டைத் தாண்டினால் கிணறு, கிணற்றைச் சுற்றித் தோட்டம். சமையலுக்கு வேண்டிய மா, எலுமிச்சை, நார்த்தை, கிடாரங்காய், நெல்லி, முருங்கை எல்லாம் அங்கேதான். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்ற (கடல் கடந்து போய்த் தொழில் செய்த) காலத்தில் ஆண்கள் வெளியே இருந்தாலும், ஆச்சிமார் வீட்டில் இருந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார்கள். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு அங்கிருந்த தொழில் சரிந்தது. அப்புறம் பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள்.

இப்போது வீட்டைத் திறப்பது கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும்தான். திறக்கிற நாளும் மரம் பழுக்கிற நாளும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

பறிக்காம விட்டா என்ன? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுதே.

இருக்காது. இதை நான் கண்ணால் பார்த்துத்தான் இந்த வேலைக்கே வந்தேன். எங்கள் தெருவில் ஒரு நாட்டு மாமரம் இருந்தது. இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய அடிமரம். ஒரு வருஷம் காய்ப்பு கூடுதல். விழுந்த பழத்துக்கு ஈ, ஈக்குப் பின்னால் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் சொன்னார்கள். போதாததற்கு உயரத்திலிருந்து விழுந்த காய் கூரையின் நாட்டு ஓடுகளை உடைத்து மழை உள்ளே இறங்கிவிட்டது. வெளியூரிலிருந்து உரிமையாளர் போனிலேயே சொல்லி மரத்தை வெட்டச் செய்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கு அந்த மரத்தால் வந்தது தொல்லை மட்டும்தான்.

பழம் கைக்குப் போய்ச் சேர்ந்தால், மரத்துக்கு நாலு பேர் பரிந்து பேசுவார்கள். ‘அந்த மரத்து மாங்காய் மண்டிக் குழம்புக்கு அப்படி இருக்கும்’ என்று ஒரு வீட்டில் சொன்னாலே அந்த மரத்துக்கு ஆயுள் கூடும். நாங்கள் பறிப்பது பழத்துக்காக மட்டும் இல்லை.

பூட்டின வீடுதானே, மதில் ஏறிக் குதிச்சுப் பறிச்சா யார் கேக்கப் போறா?

யாரும் கேட்காவிட்டாலும் அது திருட்டுதான். மரத்தில் இருக்கும் வரை காய் நிலத்தோடு சேர்ந்தது. பறித்த நிமிஷமே அது எடுத்துப் போகக்கூடிய பொருள் ஆகிறது. உரியவர் சம்மதம் இல்லாமல் எடுத்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவில் வரும். மதில் தாண்டியது தனிக் குற்றம்.

சட்டத்தை விடுங்கள். இந்த வீடுகளில் தூண், நிலைக்கதவு, பித்தளைச் சாமான் எல்லாம் களவு போயிருக்கின்றன. அதனால் மதிலுக்குள் புது ஆளைப் பார்த்தாலே ஊர் பயப்படும். ஒருவர் ஏறிக் குதித்தால் அப்புறம் யார் முறையாகப் போய்க் கேட்டாலும் கதவு திறக்காது.

சரி, யாரைக் கேக்கணும்? ஓனர் யாருன்னே தெரியலையே.

முதலில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒரு காவல்காரரோ, காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட வரும் அம்மாவோ இருப்பார்கள். சாவி அவர்களிடம் இருக்கும், உரிமையாளர் நம்பரும் இருக்கும். அவர்கள் மூலமாகவே பேசுங்கள். அவர்களைத் தாண்டி நேரே செட்டியாருக்குப் போன் போட்டால், தன்னை மீறிப் போனதாக மனசு கஷ்டப்படும். அந்த மனக்கஷ்டத்தோடு யாரும் நமக்குக் கதவு திறக்க மாட்டார்கள்.

நேரில் பேச நல்ல காலம் மார்கழியும் தையும். பிள்ளையார் நோன்புக்கும், தைப் பொங்கலை அடுத்து நாட்டரசன்கோட்டையில் வரும் செவ்வாய்ப் பொங்கலுக்கும் வெளியூரில் இருப்பவர்கள் வருவார்கள். அப்போது மாமரம் பூவெடுக்கிற நேரமாகவும் இருக்கும். மரத்தைக் காட்டியே பேசலாம். வயதான ஆச்சி யாராவது கூட வந்திருந்தால் வேலை எளிது. அந்த மரத்தை யார் வைத்தது, எந்த வருஷம் நன்றாகக் காய்த்தது என்று அவர்களே ஆரம்பிப்பார்கள்.

ஒத்துக்கொண்டால் நாள், நேரம், வருகிற ஆட்களின் பேர், எந்தெந்த மரம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அவரிடம் ‘சரி’ வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

ஒரு பங்காளி சரிங்கிறார், இன்னொருத்தர் வேண்டாம்ங்கிறார். என்ன செய்ய?

பறிக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். வளவு வீட்டில் பல பங்காளிகளுக்கு உரிமை உண்டு, ஒரு கூடை மாங்காய்க்காகப் பழைய மனஸ்தாபம் கிளம்பக் கூடாது. அடுத்த வருஷம் மறுபடி கேட்கலாம்.

தெருப்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற கிளையில பறிக்கலாம்ல? கீழ விழுந்ததை எடுக்கலாம்ல?

மரம் யாருடையதோ பழமும் அவருடையது. கிளை தெருவுக்கு வந்ததால் உரிமை மாறிவிடாது. நடைமுறையில், தெருவில் விழுந்த நாலு மாங்காயைப் பொறுக்குகிற பிள்ளைகளை இந்த ஊரில் யாரும் திட்டியது கிடையாது. அது நல்ல வழக்கம், அப்படியே இருக்கட்டும். ஆனால் வெளியே நின்று தொரட்டியை மாட்டிக் கிளையை இழுப்பது பொறுக்குவது ஆகாது. அதற்கு மேலே சொன்னபடி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ரோட்டோரப் புளியமரம், கோயில் மரம், ஊருணிக்கரை மரம் எல்லாம் பொதுதானே?

பொது என்றால் எல்லாரும் எடுக்கலாம் என்று இல்லை. சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஏலம் விடுவது பழைய வழக்கம். ஏலம் எடுத்தவர் பணம் கட்டியிருப்பார். ஒரு வருஷம் நாங்களே தெரியாமல் ஒரு மரத்தை உலுக்கிவிட்டு, அப்புறம் பறித்த அத்தனையையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். கோயில் மரமானால் கோயில் நிர்வாகத்தையும், மற்ற பொது மரங்களானால் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தையும் கேட்க வேண்டும். ஏலம் போகாத மரம் என்றால் ஒரு மனு எழுதிக் கொடுத்துப் பார்க்கலாம்.

எந்த மாசம் எதுக்குப் போகலாம்?

மரத்துக்கு மரம், மழைக்கு மழை மாறும். எங்கள் அனுபவத்தில் வருஷம் புளியிலிருந்து தொடங்குகிறது. மாசி பங்குனியில் ஓடு பழுப்பேறி, விரலால் அழுத்தினால் நொறுங்க வேண்டும். ஓடு சதையோடு ஒட்டியிருந்தால் இன்னும் செங்காய்தான், அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். கிளையை உலுக்குங்கள், கம்பால் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த பூ வர வேண்டிய துளிரும் சேர்ந்து போகும். அதே சமயத்தில் கொடுக்காப்புளியும் சுருண்டு சிவந்து வாய் பிளக்கும். முள் மரம், நிதானமாகப் பறிக்க வேண்டும்.

மாவடு பங்குனிக்கு முன்னால். முற்றிய காய் சித்திரையிலிருந்து ஆனி வரை. காம்புக்குப் பக்கத்தில் தோள் உப்பி, மரத்தில் ஒன்றிரண்டு தானாகப் பழுத்து விழ ஆரம்பித்தால் முற்றிவிட்டது. சந்தேகமானால் ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள், முற்றிய காய் அடியில் போகும். காம்பை ஒரு விரற்கடை விட்டு வெட்டி, கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட வேண்டும். பால் பட்டால் காய்த் தோலும் கருகும், நம் தோலும் வெந்துபோகும். நாட்டு மா ஒரு வருஷம் கொட்டும், மறுவருஷம் ஓய்வெடுக்கும். அதைப் பார்த்து மரம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆனி ஆடியில் நாவல். பழம் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் தாங்கும். ஆட்கள் தயாராக இருந்தால் மட்டும் பறியுங்கள். அடியில் விரிப்பு விரிக்காமல் உலுக்கினால், ஔவைக்கு முருகன் கொடுத்த சுட்ட பழம் போல அத்தனையும் மண் ஒட்டித்தான் கிடைக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்துக்குப் பக்கத்தில் மரம் இருந்தால் இரட்டை விரிப்பு போடுங்கள். சிமெண்டால் செய்த கல் நாவல் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும், அந்தக் கறை போகாது. ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்கு விளா வந்துவிடும். ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பாருங்கள். துள்ளினால் காய், ‘தொப்’பென்று கிடந்தால் பழம். சீத்தாப்பழம் கண் விரிந்து இடுக்கு வெளுத்ததும் பறிக்கலாம். அதன் விதைத் தூள் கண்ணில் பட்டால் கண்ணையே கெடுக்கும், பிள்ளைகள் இடித்து விளையாட விடாதீர்கள். மழைக்காலம் முடியும்போது நெல்லி, அப்புறம் இலந்தை. எலுமிச்சையும் நார்த்தையும் இடையிடையே கிடைத்துக்கொண்டே இருக்கும்.

என்னென்ன சாமான் வேணும்?

மூங்கில் தொரட்டி, நுனியில் வலைப்பை கட்டிய இன்னொரு கம்பு, பழைய வேட்டி அல்லது தார்ப்பாய், கூடைகள், கத்தி, மூடிய செருப்பு, ஒரு பொட்டலம் அடுப்புச் சாம்பல். மாமரத்தில் முசுறு எறும்பு இருக்கும், கை காலில் சாம்பல் பூசிக்கொண்டால் அவ்வளவாக ஏறாது. கூட்டைக் கொளுத்தாதீர்கள், மரத்துக்கு வரும் பூச்சியைத் தின்பதே அதுதான்.

இரும்புக் குழாயும் அலுமினியக் கம்பும் வேண்டவே வேண்டாம். பழைய தெருக்களில் மின்கம்பி கிளைக்குள்ளேயே ஓடுகிறது. கம்பி பக்கத்தில் இருக்கும் கிளையை மூங்கிலாலும் தொடாதீர்கள், ஈர மூங்கிலிலும் மின்சாரம் பாயும்.

நானே ஏறலாமா? எங்க பையன் நல்லா ஏறுவான்.

பையனை ஏற்றாதீர்கள். எவ்வளவு நன்றாக ஏறினாலும் வேண்டாம். பழகிய மரமேறி ஒருவருக்குக் கூலியும் பங்கும் கொடுத்து அழைத்துக்கொள்ளுங்கள். நாவலும் முருங்கையும் சொல்லாமல் முறியும். கனமான கிளை போலத் தெரியும், காலை வைத்ததும் ஒடியும். புளி உறுதியானதுதான், ஆனால் உயரம். மழை பெய்த மறுநாள் எந்த மரத்திலும் ஏறக் கூடாது. தரையிலிருந்து எட்டாததை விட்டுவிடலாம், அதற்கும் வாய்கள் உண்டு. கீழே அணில், கிளி பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

பூட்டின வீட்டுத் தோட்டத்துல எதுக்குப் பயப்படணும்?

கிணற்றுக்கு. புதர் மூடிய பாழுங்கிணறு கண்ணுக்குத் தெரியாது. எந்தத் தோட்டத்துக்கும் முதல் நாள் போகும்போது காவல்காரரைக் கிணற்றைக் காட்டச் சொல்லி, சுற்றிக் கயிறு கட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. அடுத்தது பாம்பு: காலை வெளிச்சத்தில் போங்கள், கம்பால் தட்டிக்கொண்டே நடங்கள், சருகுக் குவியலில் கை வைக்காதீர்கள். உயர்ந்த கிளையிலோ மாடி விளிம்பிலோ மலைத்தேனீக் கூடு தெரிந்தால் அன்றைக்குத் திரும்பிவிட வேண்டும். புகை போட்டு விரட்டிப் பார்க்கிற இடம் அது இல்லை.

வீட்டுக்கு நம்மால் கெடுதல் வருவதையும் பயப்பட வேண்டும். ஓட்டுக்கூரை மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. ஒரு நாட்டு ஓடு நழுவினால் போதும், ஒழுகுவது கீழே இருக்கும் பர்மாத் தேக்கில் இறங்கும். அடுத்த முறை வீடு திறக்கிற வரை யாருக்கும் தெரியாது. ஏதாவது உடைந்தால் அன்றைக்கே படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பி, மாற்றிக் கொடுத்துவிடுகிறோம்.

பங்கு எப்படிப் பிரிக்கிறீங்க?

மூன்று கூறு. ஒன்று வீட்டுக்காரருக்கும் காவல்காரருக்கும். ஒன்று பறித்தவர்களுக்கு. ஒன்று தெருவுக்கும், பழம் வாங்கிச் சாப்பிட வசதி இல்லாதவர்களுக்கும். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் நல்ல பழமாகப் பார்த்துப் பஸ்ஸில் யார் கையிலாவது கொடுத்து அனுப்புகிறோம், அல்லது மாங்காயை வற்றலாகப் போட்டு வைக்கிறோம். ‘எங்கள் பங்கையும் நீங்களே கொடுத்துவிடுங்கள்’ என்று பலர் சொல்வார்கள். அப்போதும் ஒரு பொட்டலமாவது அனுப்பிவிடுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குத் தன் அப்பத்தா வைத்த மரத்து மாவற்றல் போய்ச் சேர்ந்த பிறகு, தோட்டத்தைச் சுத்தம் செய்ய அவர்களே ஆள் ஏற்பாடு செய்தார்கள்.

ஓசிப் பழம்னு யாரும் கேவலமா நினைக்க மாட்டாங்களா?

கொடுக்கிற விதத்தில் இருக்கிறது. மிச்சத்தைக் கொடுத்தால் நினைப்பார்கள். அதனால் தெருப் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம்தான் எங்கள் பங்கை எடுப்போம். வரிசையில் நிற்க வைப்பதும் படம் எடுப்பதும் கிடையாது. வீட்டு வாசலில் போய், ‘அக்கா, இன்ன வீட்டு மாங்காய், இன்றைக்குப் பறித்தது’ என்று சொல்லிக் கொடுப்போம். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, முதியோர் இல்லம் என்றால் முன்கூட்டியே பொறுப்பில் இருப்பவரைக் கேட்க வேண்டும். பிள்ளைகள் கையில் நேரே கொடுக்காதீர்கள்.

பாதிப் பழத்துல புழு இருக்கே, இதைப் போய்க் கொடுக்கறதா?

புழு இருப்பதைக் கொடுக்காதீர்கள். மருந்தடிக்காத மரத்தில் பழ ஈ வரத்தான் செய்யும். பழம் முற்றும்போது தோலுக்கு அடியில் முட்டையிடும். மரத்திலேயே பழுக்கவிட்டால் கூடுதலாகும், முற்றிய காயாகப் பறித்தால் பெரிதும் தப்பிக்கலாம். விழுந்து கிடப்பதை அப்படியே விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூடுகட்டி, ஈயாக மறுபடி மேலே வரும். இரண்டடிக் குழி வெட்டிப் புதையுங்கள். விடாமல் இதைச் செய்த தோட்டங்களில் அடுத்த பருவம் குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

சாக்கடை ஓர மரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். பறித்த பழத்தை நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். சாக்கடைப் பக்கம் விழுந்ததைத் தொட வேண்டாம்.

எல்லாத்தையும் பறிச்சுட்டா அணிலும் கிளியும் என்ன திங்கும்?

எல்லாவற்றையும் பறிப்பதில்லை. உச்சிக் கிளைகள் அவற்றுக்குத்தான். இதே சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருக்கும்போது உச்சிக் கிளையை விட்டுக்கொடுப்பது நமக்கு ஒன்றும் பெரிது இல்லை.

ஆனால் வௌவால் கடித்த பழத்தைக் கட்டாயம் ஒதுக்குங்கள். பல் பட்ட இடத்தை வெட்டிவிட்டு மீதியைத் தின்பதும் கூடாது. 2018-ல் கோழிக்கோட்டில் பரவிய நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது. அவற்றின் எச்சில் பட்ட பழத்தால் மனிதருக்கு வரக்கூடியது. அணில் கடித்ததா வௌவால் கடித்ததா என்று ஆராய வேண்டாம், கடிபட்டது எல்லாமே குழிக்குத்தான்.

சீக்கிரம் பழுக்க ‘கல்லு’ வைக்கலாமா?

கூடாது. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதற்குத் தடை இருக்கிறது, உடம்புக்கும் கெடுதல். வைக்கோலில் அடுக்கி மூடினால் சில நாளில் பழுக்கும். அவசரமென்றால் கூடவே ஒரு சீப்பு வாழைப்பழத்தை வையுங்கள். அதிலிருந்து வரும் வாயு மாங்காயையும் பழுக்க வைக்கும்.

பேர் தெரியாத பழம் நிறைய இருக்கே, தின்னு பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். எட்டிப்பழம் ஆரஞ்சு நிறத்தில் ஆசையாக இருக்கும், விதை ஆளைக் கொல்லும். பொன்னரளிக் காயும் அப்படியே. காட்டாமணக்கு விதையைத் தின்று பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்குப் போவது நடக்கிறது. குறைந்தது இரண்டு பெரியவர்கள் பேர் சொல்லி, ‘நாங்கள் தின்றிருக்கிறோம்’ என்று சொன்னால் ஒழிய எதையும் கூடையில் போடுவதில்லை.

மிஞ்சினதை ஊறுகாய் போட்டு விக்கலாமா?

உங்கள் பங்கை நீங்கள் என்னவும் செய்யலாம். ஆனால் விற்பதானால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தானம் என்று கேட்டு வாங்கி வியாபாரம் செய்தால், யாரைக் கேட்பது என்ற கேள்வியில் சொன்ன அந்த ‘சரி’ பொய்யாகிவிடும். சின்ன அளவில் விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும்.

வீட்டையே வித்தாச்சு, இடிக்கப் போறாங்க. மரத்தை என்ன பண்றது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்த வீட்டுத் தூணுக்கும் நிலைக்கும் விலை பேச ஆள் உண்டு. மரத்துக்கு விறகு விலைதான் பேசுவார்கள். முதலில் வாங்கியவரிடமே கேட்டுப் பாருங்கள். கட்டடம் வராத மூலையில் மரம் இருந்தால், இப்படிப் பங்கு போடுகிற ஏற்பாட்டைச் சொன்னால் விட்டுவைப்பவர்களும் இருக்கிறார்கள்.

முடியாவிட்டால் மரத்தின் வழியையாவது காப்பாற்றலாம். அதே ருசி வேண்டுமென்றால் மாங்கொட்டை போதாது, ஒட்டுதான் கட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் இளங்கிளைகளை வெட்டி ஈரத் துணியில் சுற்றி, ஒட்டுக்கட்டத் தெரிந்த நர்சரிக்காரரிடம் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். கொட்டை மட்டும்தான் கிடைத்தது என்றால் காயவிடாதீர்கள். மாவும் நாவலும் காய்ந்தால் முளைக்காது, சதையைக் கழுவிவிட்டு அந்த வாரத்திலேயே ஊன்ற வேண்டும். புளியங்கொட்டை பொறுமையானது, பத்திரமாக எடுத்து வைத்து அடுத்த மழைக்கு ஊன்றிக்கொள்ளலாம். எங்கள் தெருவில் வெட்டிய அந்த மாமரத்துக்கு ஒட்டு எடுக்க எனக்கு அப்போது தெரியாது. பொறுக்கி வைத்திருந்த மூன்று கொட்டையில் ஒன்று முளைத்தது. இப்போது என் தோளளவு நிற்கிறது, இன்னும் பூக்கவில்லை.